ஸ்லைட் ஃபிலிமை ஃப்ரீசரில் பூட்டி வைத்தால் பிழைக்குமா?

கேள்வி இது: "கலர் ஸ்லைட் ஃபிலிம் வகைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே வருகின்றன. பழைய புகைப்படக்காரர்கள் இதற்கு ஏன் இவ்வளவு வருந்துகிறார்கள்? மிச்சமிருப்பதை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? இல்லை, இனி அந்தப் பக்கமே போக வேண்டாமா?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள், ஆனால் மொத்தமாக வாங்கிப் பதுக்க வேண்டாம். கொஞ்சம் வாங்குங்கள், சீக்கிரமே படமெடுங்கள், எடுத்த ரோலை அலமாரியில் போட்டு வைக்காமல் லேபுக்கு அனுப்புங்கள். ஸ்லைட் ஃபிலிம் சரியத் தொடங்கியபோது புகைப்படக்காரர்கள் செய்த காரியங்களில் மிகப் பரவலானது ஃப்ரீசரை நிரப்பியதுதான். மிகக் குறைவாகப் பயன்பட்டதும் அதுதான். ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்த ஃபிலிம் எப்படி வேலை செய்கிறது, எது ஏன் நின்றது, எது எப்படித் திரும்பி வந்தது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

வருத்தத்திலிருந்தே தொடங்கலாம். நெகட்டிவ் ஃபிலிமில் கேமராவுக்குள் உருவாவது பாதிப் படம்தான். நிறங்கள் தலைகீழாக, ஒரு ஆரஞ்சுப் பூச்சுக்கு அடியில் கிடக்கும். யாராவது அதைப் பிரிண்ட் போட வேண்டும், அல்லது ஸ்கேன் செய்து நிறத்தை மீட்க வேண்டும். அந்த யாரோ ஒருவரின் ரசனை படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்லைடில் அந்தக் கட்டமே கிடையாது. லென்ஸ் வழியாக வந்த ஒளி எந்தத் துண்டின் மேல் விழுந்ததோ அதே துண்டுதான் கழுவி, வெட்டி, மவுண்டில் ஏறி உங்கள் கைக்குத் திரும்பி வருகிறது. மலை உச்சியில் உங்களோடு இருந்த பொருள் அது. அடியிலிருந்து ஒளி வரும் லைட் டேபிளில் வைத்து, லூப் என்ற உருப்பெருக்கி வழியாகக் குனிந்து பார்க்கும்போது நகலைப் பார்க்கவில்லை, மூலத்தையே பார்க்கிறோம் என்ற உணர்வு வரும். டிஜிட்டலில் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் அந்த உணர்வுக்கு இணையாக ஒன்றை நான் கண்டதில்லை.

இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, இயற்பியலும் இருக்கிறது. காகிதப் பிரிண்டின் மிக அடர்ந்த கறுப்பு ஏறக்குறைய 2 என்ற அடர்த்தியில் நின்றுவிடும். நல்ல ஸ்லைடின் கறுப்பு 3.5ஐயும் தாண்டும். இது மடக்கை அளவு என்பதால் 1.5 வித்தியாசம் என்பது முப்பது மடங்குக்கு மேல். காகிதம் தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தர முடியும். ஸ்லைடின் ஊடாகவோ விளக்கே நம் கண்ணுக்கு வருகிறது. இருட்டறையில் ப்ரொஜெக்டர் போட்டுப் பெரிய திரையில் ஸ்லைட் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. நெகட்டிவ் ஃபிலிம் பத்து ஸ்டாப்புக்கு மேல் வெளிச்ச வித்தியாசத்தைத் தாங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது). இரண்டு ஸ்டாப் தவறினாலும் பிரிண்டில் ஒப்பேற்றிவிடலாம். ஸ்லைட் ஃபிலிம் தோராயமாக ஐந்து ஸ்டாப்தான் தாங்கும், அதற்குள் நீங்கள் அரை ஸ்டாப் தவறினாலே கண்ணுக்குத் தெரியும். அதிக வெளிச்சம் பட்ட இடத்தில் ஃபிலிமில் ஒன்றுமே மிஞ்சாது, வெறும் கண்ணாடி போல ஆகிவிடும். அதனால் ஸ்லைடில் எடுத்தவர்கள் எல்லோரும் வெளிச்சமான பகுதிக்கு எக்ஸ்போஷரை வைத்துவிட்டு, நிழல் கறுத்துப் போனால் போகட்டும் என்று விடப் பழகினார்கள். வானத்தை அடக்க, ஒரு பாதி மட்டும் இருண்டிருக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டர் வைத்தார்கள். அரை ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என்று அடுத்தடுத்து எடுத்தார்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் கேலன் ரோவெல்தான் மலை ஒளிப்படத்தில் அந்த ஃபில்டர் முறையைப் பெரிதாகப் பரப்பியவர். ஒளியைப் படிக்கும் அந்தக் கூர்மை அவர்கள் தலைமுறையின் கையில் ஊறிப்போன ஒன்று. ஃபிலிம் போகும்போது அந்தப் பயிற்சிக்கான காரணமும் போகிறது. வருத்தத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

தொழில்முறையிலும் ஸ்லைட்தான் ஆட்சி செய்தது. பத்திரிகைகளுக்கும் படவங்கிகளுக்கும் அசல் ஸ்லைடைத்தான் கொடுக்க வேண்டும். ஆசிரியர் லைட் டேபிளில் பரப்பித் தேர்ந்தெடுப்பார், அச்சகம் அதை ட்ரம் ஸ்கேனரில் ஏற்றும், நிறத்தில் சந்தேகம் வந்தால் அசல் ஸ்லைடையே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். விவாதத்துக்கே இடமில்லை. 2000களின் முதல் பாதியில் பத்திரிகைகளும் படவங்கிகளும் டிஜிட்டல் கோப்புகளை வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். தினமும் ரோல் ரோலாக எடுத்துத் தள்ளியவர்கள் தொழில்முறைக்காரர்கள்தான். முதலில் நகர்ந்து போனவர்களும் அவர்களே. திருமணத்துக்கும் குடும்ப விழாவுக்கும் மக்கள் நெகட்டிவைத்தான் பயன்படுத்தினார்கள். ஸ்லைடுக்கு அப்படி ஒரு அகன்ற அடித்தளம் கிடையாது. அதனால்தான் மொத்த ஃபிலிம் சந்தையும் சரிந்தபோது ஸ்லைட் மற்றவற்றைவிட வேகமாகச் சரிந்தது.

இனி கோடாக்ரோம் கதை, கோடாக் நிறுவனத்தின் பெயர்பெற்ற ஸ்லைட் ஃபிலிம் அது. பதுக்குவது ஏன் பயனற்றது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் வேறு இல்லை.

கோடாக்ரோமைக் கண்டுபிடித்தவர்கள் லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி என்ற இரண்டு இசைக்கலைஞர்கள். 1935இல் 16 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிமாக வந்தது, அடுத்த ஆண்டு 35 மில்லிமீட்டர் ஸ்லைடாக. அதன் விசித்திரம் இது: ஃபிலிமுக்குள் நிறமே கிடையாது, நிறத்தை உருவாக்கும் கப்ளர் என்ற வேதிப்பொருளும் கிடையாது. அது அடிப்படையில் பல அடுக்குக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம். நிறம் லேபில்தான் சேர்க்கப்பட்டது. டெவலப்பர் என்ற, படத்தை வெளிக்கொணரும் கரைசல் ஒன்றில் முதலில் இறக்கிய பின் ஃபிலிமின் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளி பாய்ச்சி, சயான் டெவலப்பரில் இறக்குவார்கள். பிறகு மேல்பக்கத்திலிருந்து நீல ஒளி, மஞ்சள் டெவலப்பர். மிச்சமிருக்கும் நடு அடுக்கை வேதிமுறையில் மங்கவைத்து மெஜந்தா டெவலப்பர். கடைசியில் வெள்ளி முழுவதையும் கழுவி எடுக்க வேண்டும். கே-14 என்று இந்த முறைக்குப் பெயர். வேதியியல் தெரிந்த ஒருவர் கூடவே இருந்து கண்காணிக்காமல் இதை ஓட்ட முடியாது.

அந்தச் சிக்கலுக்குக் கைம்மாறும் கிடைத்தது. அடுக்குகளில் கப்ளர் இல்லாததால் படலம் மெலிதாக இருந்தது, கூர்மை அசாத்தியமாக இருந்தது. எஞ்சிய கப்ளர் எதுவும் உள்ளே கிடந்து கெடாததால், இருட்டில் பத்திரமாக வைத்த கோடாக்ரோம் பல பத்தாண்டுகள் கழித்தும் நேற்று எடுத்தது போல இருக்கும். (ப்ரொஜெக்டர் விளக்கில் மட்டும் அது மற்ற ஸ்லைடுகளைவிடச் சீக்கிரம் வெளிறும். பழைய கோடாக்ரோம் உங்களிடம் இருந்தால் நீண்ட நேரம் திரையில் நிறுத்தாதீர்கள்.) ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்து, 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் கோடாக்ரோம் 64இல் எடுத்ததுதான்.

1990இல் ஃபூஜி வெல்வியாவைக் கொண்டுவந்தது. ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 50, எண்ணெய் பூசியது போன்ற பச்சை, எரியும் சிவப்பு. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் கூட்டமாக அந்தப் பக்கம் போனார்கள். நிறம் ஒரு காரணம். ஆனால் அதைவிட முக்கியம், வெல்வியாவை ஈ-6 என்ற, கே-14ஐவிட எளிய முறையில் கழுவலாம். ஊரில் ஈ-6 லேப் இருந்தால் சில மணி நேரத்தில் படம் கைக்கு வந்துவிடும். கோடாக்ரோமை எங்கோ தொலைவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ரோல்கள் குறைந்தன, கே-14 லேபுகள் மூடின. லேபுகள் மூடியதால் காத்திருப்பு இன்னும் நீண்டது, ரோல்கள் இன்னும் குறைந்தன. டிஜிட்டல் வருவதற்கு முன்பே இந்தச் சுழல் தொடங்கிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2009 ஜூனில் கோடாக் நிறுத்த அறிவிப்பு வெளியிட்டபோது, அந்த நிறுவனத்தின் ஸ்டில் ஃபிலிம் விற்பனையில் கோடாக்ரோமின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. உலகம் முழுவதற்கும் மிச்சமிருந்தது ஒரே ஒரு லேப், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிறிய ஊரில் இருந்த டுவைன்ஸ் ஃபோட்டோ. தொழிற்சாலையில் கடைசியாக வந்த ரோலை மெக்கரி கேட்டு வாங்கி, நியூயார்க்கிலும் இந்தியாவிலும் துருக்கியிலும் 36 படங்கள் எடுத்து, தானே பார்சன்ஸுக்குக் கொண்டுபோய்க் கழுவக் கொடுத்தார். ரோல்களைப் பெற்றுக்கொள்ளும் கடைசி நாள் 2010 டிசம்பர் 30 என்று லேப் அறிவித்தது.

அந்தக் கடைசி வாரங்களில் நடந்ததுதான் நான் சொல்ல வருவதற்குச் சாட்சி. பல ஆண்டுகளாக இழுப்பறைகளிலும் ஃப்ரீசர்களிலும் கிடந்த ரோல்கள் உலகெங்கிலுமிருந்து அந்த ஊருக்கு வந்து குவிந்தன. ஒரு ரயில்வே ஊழியர் தான் எடுத்திருந்த 1,580 ரோல்களைக் கழுவி வாங்கிப் போக ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வண்டி ஓட்டி வந்தார். ஏறக்குறைய 50,000 ஸ்லைடுகள், பெரும்பாலும் ரயில் படங்கள். அந்த மனிதரின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். அப்படிக் குவிந்த ரோல்கள் எல்லாம் முந்தைய பத்து ஆண்டுகளில் மாதம் கொஞ்சமாக வந்திருந்தால், வேறு சில கே-14 லேபுகளும் இன்னும் சில காலம் இயந்திரத்தை ஓட்டியிருக்கும். எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசி நேரத்தில் வந்த வெள்ளம் மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. அதையும் தவறவிட்டவர்களின் ஃப்ரீசர்களில் இன்றும் குளிர்ந்தபடி கிடக்கும் கோடாக்ரோமுக்குச் சாதாரண லேப் எதிலும் நிறம் கிடைக்காது.

இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். கோடாக்கின் இன்னொரு ஸ்லைட் ஃபிலிம் எக்டாக்ரோம், ஈ-6இல் கழுவப்படுவது. அதை கோடாக் 2012 மார்ச்சில் நிறுத்தியது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. அப்போலோ 8 பயணத்தில் வில்லியம் ஆண்டர்ஸ் நிலவுக்கு மேலே பூமி எழுவதைப் படமெடுத்தது எக்டாக்ரோம் ஃபிலிமில்தான். அப்படிப்பட்ட பெயர் மறைந்தபோது எல்லோரும் அத்தோடு முடிந்தது என்றே நினைத்தார்கள். 2017 ஜனவரியில் அதைத் திரும்பக் கொண்டுவரப்போவதாக கோடாக் அறிவித்தது. அந்த ஆண்டே வரும் என்றார்கள், 2018 செப்டம்பரில்தான் கடைக்கு வந்தது. சில மூலப்பொருள்கள் இடைப்பட்ட காலத்தில் கிடைக்காமலே போயிருந்தன. மாற்று தேடி, பூச்சைத் திரும்ப வடிவமைத்து, அகலமான பெரிய சுருள்களில் சோதனை ஓட்டம் விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் 2019 இறுதியில் பெரிய கேமராக்களுக்கான 120 ரோலும் ஷீட் ஃபிலிமும் வந்தன.

எக்டாக்ரோம் திரும்ப முடிந்தது, கோடாக்ரோமால் முடியவில்லை. வித்தியாசம் ஃபிலிமில் இல்லை, லேபில் இருக்கிறது. எக்டாக்ரோம் இல்லாத அந்த ஆறு ஆண்டுகளும் ஃபூஜியின் வெல்வியாவையும் ப்ரோவியாவையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் ஈ-6 இயந்திரங்களை ஓடவைத்தார்கள். போட்டி நிறுவனத்தின் ஃபிலிமை எடுத்தவர்கள் தங்களை அறியாமலே எக்டாக்ரோமுக்கு வழியைத் திறந்து வைத்திருந்தார்கள். 2017இல் கோடாக்ரோமையும் ஆராய்ந்து பார்ப்பதாக கோடாக் அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஃபிலிமை மட்டும் உண்டாக்கினால் போதாது, கே-14ஐயும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும் என்பதால் அது எனக்கு வியப்பளிக்கவில்லை.

வெல்வியா 50இன் கதையும் சொல்ல வேண்டும். மூலப்பொருள் சிக்கல் என்று ஃபூஜி 2005 வாக்கில் அதை நிறுத்தி, வெல்வியா 100ஐ மாற்றாகக் காட்டியது. புகைப்படக்காரர்கள் ஏற்கவில்லை. எழுதினார்கள், கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். ஃபூஜி மாற்றுப் பொருள்களைக் கண்டுபிடித்து 2007இல் வெல்வியா 50ஐ மீண்டும் வெளியிட்டது. கோரிக்கை பலித்த அபூர்வமான தருணம் இது. பலித்ததற்குக் காரணம், கேட்டவர்கள் அந்த ஃபிலிமை மாதாமாதம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். வெறும் நினைவுக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. இதற்கு மாறாக 2014இல் இத்தாலியின் ஃபெரானியா ஆலையை உயிர்ப்பித்து ஸ்லைட் ஃபிலிம் தயாரிப்போம் என்று பொதுமக்களிடம் நிதி திரட்டியவர்கள் மூன்று லட்சம் டாலருக்கு மேல் பெற்றார்கள். உண்மையான உழைப்புதான். ஆனால் 2017இல் அவர்களால் வெளியிட முடிந்தது பி30 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமை. பத்துக்கு மேற்பட்ட அடுக்குகளை மைக்ரான் கணக்கில் பூச வேண்டிய கலர் ரிவர்சல் ஃபிலிமை, அதாவது ஸ்லைட் ஃபிலிமை, விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று வேண்டாம்.

ஒரு ஃபிலிமை நிறுத்துவது எப்போதும் விற்பனைக் குறைவு மட்டும் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் அமெரிக்காவில் வெல்வியா 100 விற்பனை நின்றது. ஒரு பாஸ்ஃபேட் சேர்மத்துக்குச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதித்த தடைதான் காரணம். ஃபிலிமில் அதன் அளவு 0.0003 சதவீதத்துக்கும் குறைவு என்று ஃபூஜி சொன்னது. விதி விதிதான். சிறிய சந்தைக்காகப் பொருளை மாற்றி வடிவமைக்க எந்த நிறுவனமும் யோசிக்கும்.

ஃபிலிமைச் சுற்றியிருந்தவையும் ஒவ்வொன்றாகப் போயின. கோடாக் ஸ்லைட் ப்ரொஜெக்டர் தயாரிப்பை 2004இல் முடித்தது. ஸ்லைடிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் போடும் சிபாக்ரோம், பிற்காலத்தில் இல்ஃபோக்ரோம் என்று அழைக்கப்பட்டது, 2010களின் தொடக்கத்தில் நின்றது. அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உலோகத்தில் வார்த்தது போன்ற அந்தப் பளபளப்பு. நிக்கானின் கூல்ஸ்கேன் ஸ்கேனர்களும் அதே காலகட்டத்தில் போய்விட்டன. ஸ்லைடை எடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கருவிகள் எல்லாம் மறைந்தபோது, ஸ்லைடும் பலருக்கு ஸ்கேன் செய்யக் கடினமான இன்னொரு ஃபிலிம் ஆகிவிட்டது. ஸ்கேன் செய்வதற்காக மட்டுமே என்றால் நெகட்டிவே வசதி, இதை மறைக்க வேண்டியதில்லை.

சரி, லேபுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன்? ஈ-6இல் முதல் டெவலப்பர் 38 டிகிரி செல்சியஸில் ஆறு நிமிடம். அதில் 0.3 டிகிரி விலகினாலே படத்தின் வெளிச்சம் மாறத் தொடங்கும். கலர் டெவலப்பரின் அமில-கார அளவு நழுவினால் பச்சைப் பக்கமோ மெஜந்தாப் பக்கமோ சாயும். ஒவ்வொரு ரோல் ஓடும்போதும் செலவான வேதிப்பொருளுக்கு ஈடாகப் புதிய கரைசல் தொட்டிக்குள் சேரும். தொட்டியின் சமநிலை அந்த ஓட்டத்தை நம்பித்தான் இருக்கிறது. ரோல் வராத லேபில் கரைசல் காற்றுப் பட்டுக் கெடும். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பது இதற்கு அப்படியே பொருந்தும். நாறிய தொட்டியில் கழுவிய ஸ்லைடைப் பார்த்து மனம் வெறுத்தவர் அடுத்த ரோல் வாங்க மாட்டார். லேபுக்கு இன்னொரு ரோல் குறையும். ஃப்ரீசரில் நூறு ரோல் வைத்திருப்பவர் உற்பத்தியாளருக்கு ஒருமுறை பணம் தந்துவிட்டார், உண்மைதான். லேபுக்கு அவர் எதுவுமே தரவில்லை.

பதுக்குபவருக்கே வேறு நஷ்டமும் உண்டு. குளிரில் வேதி மாற்றம் மெதுவாகும், நிற்காது. காஸ்மிக் கதிர்வீச்சை எந்த ஃப்ரீசரும் தடுக்காது; வேகமான, அதாவது ஒளிக்கு அதிக உணர்வுள்ள ஃபிலிமில் அது மங்கலாகப் பதியும். நெகட்டிவ் பழசானால் நிறச் சாய்வை ஸ்கேனில் ஓரளவு சரிசெய்யலாம். ஸ்லைடில் கறுப்பு வலுவிழந்து மெஜந்தா ஏறிவிட்டால் அதுதான் உங்கள் அசல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ தேவையானதைக் குளிரில் வைப்பதில் தவறில்லை. எடுக்கும்போது உறை பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் படியும்.

இன்று தொடங்குபவருக்கு எதை எடுப்பது என்ற குழப்பம் பெரிதாக இல்லை, ஏனென்றால் மிச்சமே கொஞ்சம்தான்: எக்டாக்ரோம் ஈ100, ப்ரோவியா 100எஃப், வெல்வியா 50, அமெரிக்காவுக்கு வெளியே வெல்வியா 100. மற்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் இவற்றையே வேறு பெட்டியில் போட்டவை. தோலின் நிறத்துக்கு மென்மையாக இருந்த, ஃபூஜியின் ஆஸ்டியா இப்போது இல்லை, அந்த இழப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதல் ரோலுக்கு எக்டாக்ரோமையோ ப்ரோவியாவையோ எடுங்கள். வெல்வியாவின் நிறம் மயக்கும், ஆனால் முகங்களைச் சிவக்க வைத்துவிடும், தவறுக்கும் இன்னும் குறைவாகவே இடம் தரும். வெல்வியா 50ஐப் பலர் மீட்டரில் ஐஎஸ்ஓ 50க்குப் பதில் 40 என்று வைத்துத்தான் எடுப்பார்கள். நண்பகல் வெயிலை விட்டுவிடுங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அல்லது மேகம் பரவிய நாளில், காட்சியில் வெளிச்ச வித்தியாசம் குறைவாக இருக்கும்போது தொடங்குங்கள். காட்சியின் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் வெளிச்சமான இடத்தை அளந்து, அதில் விவரம் தெரிய வேண்டுமானால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை மட்டும் கூட்டி வையுங்கள்.

ரோலைத் தருமுன் லேபிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஈ-6 எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது, கட்டுப்பாட்டுப் பட்டை என்ற சோதனைத் துண்டை ஓட்டி, அடர்த்தியை அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளக்கிறார்களா? தயங்காமல் பதில் சொல்லும் லேப் நல்ல லேப். ரோல் சேர்ந்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் புதிய கரைசலில் ஓட்டுபவர்களும் நன்றாகவே செய்யலாம், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அருகில் லேபே இல்லை என்றால் மூன்றே கரைசல்களில் கழுவி முடிக்கும் மூன்று குளியல் கிட் வாங்கி வீட்டிலேயே கழுவுகிறவர்கள் இப்போது பலர். அதில் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றாகவும், ரிவர்சலும் கலர் டெவலப்பரும் ஒன்றாகவும் இருக்கும். நீரின் வெப்பத்தைச் சீராக வைக்கும் ஒரு சுழல் ஹீட்டர் இருந்தால் முதல் டெவலப்பரின் வெப்பநிலையைப் பிடித்துவிடலாம். ஆறு குளியல் லேபின் நுணுக்கம் அதில் முழுதாக வராது, ஆனாலும் ஈரத்தோடு சுருளை உருவியெடுத்து விளக்குக்கு நேரே பிடிக்கும்போது உள்ளே முழுப் படம் நிறத்தோடு தெரிவது நெகட்டிவ் கழுவுகிறவருக்குக் கிடைக்காத ஒன்று.

எடுத்த ஸ்லைடைப் பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்கேன் செய்து திரையில் போட்டுவிட்டு அசலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இவ்வளவு சிரமப்பட்டதற்கு அர்த்தமே இல்லை. பழைய ப்ரொஜெக்டர்கள் இரண்டாம் கையில் கிடைக்கின்றன. அதுவும் முடியாவிட்டால் ஒரு சின்ன லைட் டேபிளும் நல்ல லூப்பும் போதும்.

கடைசியாக, வீட்டில் கழுவாத கோடாக்ரோம் ரோல் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். நிறம் வராது, ஆனால் கறுப்பு-வெள்ளையாகக் கழுவித் தரும் லேபுகள் உண்டு. அதன் அடியில் உள்ள கரிப்பூச்சை அகற்றத் தெரிந்தவர்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் கோடாக்ரோமில் எடுத்த புகைப்படக்காரர் அலெக்ஸ் வெப், தன்னிடம் மிஞ்சிய ரோல்களை கோடாக் பிறந்த ரோசெஸ்டர் நகரத்துக்கே கொண்டுபோய் எடுத்து, அப்படித்தான் கறுப்பு-வெள்ளையாகக் கழுவினார். கிடைக்கும் உருவம் புள்ளி புள்ளியாக, மங்கலாகத்தான் இருக்கும். அதில் யாருடைய முகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.